பதிவின் தரமும் பாட்டின் தரமும்: ஒலித்தொழில்நுட்பம் தமிழ்ப் பாடலில் விளைத்த மாற்றங்கள்

1. முன்னுரை

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் காக்ஸ் டவுனை ஒட்டி அமைந்துள்ளது ஜீவனஹள்ளி. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மொழிகள் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. இத்தகைய பகுதிகளில் தமிழைத் தாய்மொழியாகப் பேசினும், கன்னடத்தையோ ஆங்கிலத்தையோ பயிற்றுமொழியாகக் கொண்டு கற்றமையால் தமிழ் எழுத்தறியாத இளைஞர் பலரைக் காணலாம். வீட்டுப் பேச்சுக்கு அப்பாற்பட்ட தமிழ், அதாவது செய்யுள் நடை தழுவிய தமிழ், இவர்களை வந்தடையும் வாயில்கள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது பாடல். ‘வழி’, ‘வளி’, ‘வலி’ என்னும் மூன்றும் வெவ்வேறு சொற்கள் என்பதை ஏட்டில் கண்டறியாதவர்க்குப் பாடுவோரின் நாவே ஆசிரியராக அமைகிறது.

ஆடித் திங்களில் அம்மன் கோயில்களின் கூம்பு ஒலிபெருக்கிகள் எல். ஆர். ஈஸ்வரி, சீர்காழி கோவிந்தராஜன் ஆகியோரின் பழைய பதிவுகளை ஒலிக்கின்றன. அக்கருவியில் தாழ்ந்த ஒலிகளும் இல்லை. நுண்ணிய உயர் ஒலிகளும் இல்லை. எனினும் இரண்டு தெருக்களுக்கு அப்பால் நிற்பவர்க்கும் சொல் விளங்குகிறது. அதே தெருவில் ஒரு வீட்டினுள் உயர்விலைக் கருவியில் ஒலிக்கும் இக்காலத் திரைப்பாடலின் முதலடியை இருமுறை கேட்டும் சொல் பிரித்தறிய இயலாமற் போவதுண்டு. பதிவின் தரம் உயர்ந்த நிலையில் பாட்டின் சொல் ஏன் மங்குகிறது? இவ்வினாவை மொழியியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ‘தரம்’ என்னும் சொல்லாட்சி

தொழில்நுட்பம் இசையின் தரத்தை உயர்த்தியதா, தாழ்த்தியதா என்னும் வழக்கு நெடுநாளையது. அவ்வழக்கு முடிவுறாமைக்கு ஒரு காரணம் சொல்லிலேயே உள்ளது. ஆங்கிலத்தில் ‘குவாலிட்டி’ என்னும் ஒரே சொல், ஒலிப்பதிவுத் துறையில் ஒரு பொருளிலும், இசைக்கருவிகளின் இயற்பியலில் வேறொரு பொருளிலும், திறனாய்வில் மற்றொரு பொருளிலும் ஆளப்படுகிறது. தமிழில் இம்மூன்றையும் ‘தரம்’ என்றே பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒருவர் ஒரு பொருளில் ‘தரம் உயர்ந்தது’ என்கிறார்; மற்றவர் வேறு பொருளில் ‘தரம் தாழ்ந்தது’ என்கிறார். இருவர் கூற்றும் உண்மையாக இருத்தல் கூடும்.

ஆதலின் இக்கட்டுரையில் மூன்று கூறுகள் பிரித்தறியப்படுகின்றன. அவை: எழுந்த ஒலியைக் கருவி எவ்வளவு மாறாமல் திருப்பித் தருகிறது என்பதாகிய பதிவுத் தரம், சுருதியும் மேற்சுரங்களும் இயைந்து எழும் நாதப் பண்பு, பாடப்படும் சொல் கேட்போர்க்கு அச்சொல்லாகவே விளங்குவதாகிய சொல் தெளிவு. இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தே உயர வேண்டும் என்னும் கட்டாயமில்லை என்பது பின்வரும் செய்திகளால் புலனாகும்.

3. பதிவுத் தரத்தின் வளர்ச்சி

எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைப் படைத்தது 1877-இல். இந்தியாவில் வணிக நோக்கிலான இசைத்தட்டுப் பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கிற்று; அதில் பாடிய தொடக்கக் காலக் கலைஞருள் ஒருவர் கௌஹர் ஜான். பாடல் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவார். அயல்நாட்டில் தட்டுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவோர் பாடியவரை அறிவதற்கு அது பயன்பட்டது. அவர் தம் இறுதி நாள்களை மைசூர் அரசவைக் கலைஞராகக் கழித்து 1930-இல் அங்கேயே மறைந்தார் என்பது கன்னட நாட்டோடு இவ்வரலாற்றை இணைக்கும் செய்தி.

தொடக்கக் காலப் பதிவில் மின்சாரம் இல்லை. பாடுவோர் ஒரு கூம்பினுள் பாட, அவ்வொலியின் ஆற்றலே ஊசியை அசைத்து மெழுகில் கீறிற்று. அம்முறையில் பதிந்த அதிர்வெண்கள் ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸ் முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலானவை. 1925-இல் ஒலிவாங்கியைக் கொண்ட மின்முறைப் பதிவு வந்தபின் மேலெல்லை ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸாக உயர்ந்தது. 1948-இல் நெடுந்தட்டும், 1963-இல் ஒலிநாடாப் பேழையும், 1982-இல் குறுவட்டும் வந்தன. குறுவட்டு, செவி உணரக்கூடிய 20,000 ஹெர்ட்ஸ் எல்லை முழுவதையும் தன்னுள் அடக்கிற்று. ஆக, முதற்கூறாகிய பதிவுத் தரம் ஒரு நூற்றாண்டில் தொடர்ந்து உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

4. நாதப் பண்பு: பெங்களூர் தரும் சான்று

இரண்டாம் கூறாகிய நாதப் பண்பில் நிலைமை அத்துணை எளிதன்று. இதற்குப் பெங்களூரே சான்று தருகிறது. தம்புராவின் நாதம் குறித்து முதலில் அறிவியல் முறையில் ஆராய்ந்தவருள் ஒருவர் சர் சி. வி. இராமன். நரம்பைத் தட்டும் இடத்தில் கணுக்கொள்ளும் மேற்சுரங்கள் எழா என்பது ஐரோப்பிய இயற்பியலார் வகுத்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவ்விதி பொய்ப்பதை இராமன் 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். வளைந்த பாலத்தின் மேற்பரப்பை நரம்பு தொட்டும் தொடாமலும் அதிர்வதே அதற்குக் காரணம். தம்புராவில் பாலத்துக்கும் நரம்புக்கும் இடையே செருகும் நூல் அத்தொடுகையை நுண்மையாக நெறிப்படுத்துகிறது. அதனைத் தமிழ் இசைவாணர் ‘ஜீவா’ என வழங்குவர். உயிர் என்னும் பொருள்பட அமைந்த அப்பெயர் வெறும் அணியன்று. நூலை நீக்கின் மேற்சுரச் செறிவும் நீங்கும். இராமன் 1933-இல் பெங்களூருக்குக் குடிபெயர்ந்து, 1948-இல் தம் பெயரால் அமைந்த ஆய்வுக் கழகத்தை இங்கு நிறுவினார்.

இதே நகரில் 1970களின் இறுதியில், புல்லாங்குழல் கலைஞரும் பொறியியலாளருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவருடைய ரேடெல் நிறுவனத்தின் சுருதிப் பெட்டிகள் நாடெங்கும் இசைப் பயிற்சி அறைகளில் இடம்பெற்றன. இதனால் விளைந்த நன்மை பெரிது. தம்புரா மீட்டத் துணையாளர் இல்லாத மாணவர்க்கும், வெளியூர் செல்லும் பாடகர்க்கும் வழுவாத சுருதி எளிதிற் கிட்டிற்று. சுருதி நிலைபேறு உயர்ந்தது. ஆயினும் நரம்பை முறுக்கி, ஜீவாவை நகர்த்தி, செவியால் சுருதி சேர்க்கும் பயிற்சி மாணவர்க்குக் கட்டாயமன்று என்றாயிற்று. கருவி தந்த துல்லியம் செவி பெறவேண்டிய துல்லியத்துக்கு மாற்றாக நின்றது.

நாதப் பண்பு கருதித் தொழில்நுட்பத்தை ஒரு நிறுவனமே விலக்கியதும் உண்டு. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கிற்று. அவ்விலக்கு 1971 வரை நீடித்தது. அக்கருவியின் சுரங்கள் சமப்பகுப்பு முறையில் அமைந்தவை. இயல்பான அந்தர காந்தாரம் ஆதார சட்ஜத்திலிருந்து 386 செண்ட் தொலைவில் நிற்க, ஆர்மோனியத்தில் அது 400 செண்டில் நிற்கும். 14 செண்ட் வேறுபாட்டைப் பயின்ற செவி உணரும். அன்றியும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் கமகம் அக்கருவியில் இயலாது. விலக்கு சரியா என்பது வேறு வினா. ‘தரம்’ என்பதற்கு நாதப் பண்பு எனப் பொருள்கொண்டு செயற்பட்டமைக்கு அது தெளிவான எடுத்துக்காட்டு.

5. சொல் தெளிவின் அடிப்படைகள்

மூன்றாம் கூறாகிய சொல் தெளிவே மொழியியலார்க்கு உரிய களம். தமிழ்ப் பாடலில் அது இரண்டு அடிப்படைகளைச் சார்ந்தது.

5.1 மாத்திரை. தமிழில் உயிரின் நீட்டம் பொருளை வேறுபடுத்தும். மலை – மாலை, படம் – பாடம், குடை – கூடை என்னும் இணைகளில் குறிலும் நெடிலுமே வேறுபாடு. பாடலிலோ ஓசை நீளுதல் இயல்பு. இம்முரணைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார். கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் கொண்டு மாத்திரைக்கு அளவு வகுத்த அவர், இசையில் எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிப்பதும் உண்டெனவும், அது இசைநூலின் பாற்பட்டதெனவும் வரையறுத்தார். எனவே நீட்டம் தன்னளவில் குற்றமன்று. ஓரடியில் எல்லா அசைகளும் அவற்றின் விகிதம் கெடாமல் நீளுமாயின் சொல் விளங்கும். குறில் மட்டும் நீண்டு, அடுத்த நெடில் குறுகுமாயின் சொல் வேறாகும்.

5.2 லகர ளகர ழகரங்கள். ஒலி, ஒளி, ஒழி என்னும் மூன்று சொற்களை வேறுபடுத்துவது ஒரு மெய்யே. ஒலியலையில் இம்மெய்களின் வேறுபாடு, தொண்டையும் வாயும் ஒத்ததிர்வதால் தோன்றும் ஆற்றல் திரள்களில், சிறப்பாக மூன்றாம் திரளில் பெரிதும் தங்கியுள்ளது. நாவை வளைக்குந்தோறும் அத்திரள் தாழும். ழகரத்தில் அது இரண்டாம் திரளை நெருங்கி நிற்கும். தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தன் ஒலிப்பையும் நாவின் இயக்கத்தையும் ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்டு, அபிகெயில் கௌன் ஆகியோர் காந்த ஒத்ததிர்வுப் படங்களின் துணையுடன் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டனர்.

இங்கு கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. உயிர்களைப் பிரித்தறிய உதவும் முதலிரு திரள்களும், ழகரத்தைக் காட்டும் தாழ்ந்த மூன்றாம் திரளும் பெரும்பாலும் 2,500 ஹெர்ட்ஸுக்குள் அடங்குவன. சகரத்தின் உரசொலி வடிவம் போன்ற சிலவே அதற்கு மிக மேற்பட்ட அதிர்வெண்களை வேண்டுவன. எனவே பழைய கூம்புப் பதிவும், கோயிலின் கூம்பு ஒலிபெருக்கியும் நாதத்தின் வளத்தை இழப்பினும் தமிழ்ச் சொல்லின் எலும்புக்கூட்டை இழப்பதில்லை. முன்னுரையில் கூறிய முரணுக்கு முதல் விடை இதுவே: சொல் தெளிவுக்கு வேண்டுவது அகன்ற அதிர்வெண் பரப்பன்று, தெளிந்த ஒலிப்பும் அதனை மறைக்காத பக்கவாத்தியமுமே.

6. பதிவு முறையும் சொல்லும்

பதிவு முறைகள் மாறியபோது சொல்லின் நிலையும் மாறிற்று. அம்மாற்றத்தை மூன்று கட்டங்களாகக் காணலாம்.

முதற்கட்டம் ஒலிவாங்கிக்கு முற்பட்டது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் முதலியோர் நாடக மேடையில் இறுதி வரிசைக்கும் கேட்குமாறு உயர்ந்த சுருதியில் பாடினர். மிக உயர்ந்த சுரங்களில் உயிரொலிகளின் வேறுபாடு மங்குதல் இயற்பியல் நியதி. குரலின் அடிப்படை அதிர்வெண் முதல் திரளைக் கடந்துவிடின் எவ்வுயிரும் ஏறத்தாழ ஒன்றுபோல் கேட்கும். ஆதலின் அக்காலத்தில் சொல் தெளிவு முழுமையாக இருந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. அக்குறையை நாவழுத்தத்தால் ஈடுசெய்தனர் என்பதே பொருந்தும்.

இரண்டாம் கட்டத்தில் ஒலிவாங்கி உரத்துப் பாடும் தேவையை நீக்கிற்று. ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் மென்குரல் திரையிசையில் இடம்பெற்றது இதனாலேயே. பேச்சுக்கு அணித்தான சுருதியில் பாடியபோது மெல்லிய மெய்களும் செவிப்பட்டன. தொழில்நுட்பம் சொல்லுக்குத் துணைநின்ற காலம் இது. மேலும் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒருங்கே கூடிப் பாடல் முழுவதையும் ஒரே ஓட்டமாகப் பதிந்தனர். ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். ஆதலின் ஒலிப்புத் திருத்தம் பதிவுக்கு முன்னரே, ஒத்திகையில் முடிந்தது. டி. எம். சௌந்தரராஜனின் தாய்மொழி சௌராட்டிரம்; பி. சுசீலாவின் தாய்மொழி தெலுங்கு. இருவரும் தமிழ் ஒலிப்புத் தெளிவுக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகின்றனர். இதனால் சொல் தெளிவு பிறப்பால் வருவதன்று, பயிற்சியாலும் பதிவு முறையின் கண்டிப்பாலும் வருவது என்பது பெறப்படும்.

மூன்றாம் கட்டம் பல்தடப் பதிவும் கணினியும் சார்ந்தது. 1983-இல் மின்னணு இசைக்கருவிகளைத் தம்முள் இணைக்கும் பொதுநெறியாகிய ‘மிடி’ வந்தது. 1986-இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினிவழி இசைக்கோப்பைக் கையாண்டார். 1992-இல் வெளியான ‘ரோஜா’ படத்தின் வழியே ஏ. ஆர். ரஹ்மான் எண்முறைப் பதிவின் ஒலி வளத்தைத் தமிழ்க் கேட்போர்க்கு அறிமுகப்படுத்தினார். இவற்றால் பெற்ற நாத வளம் மறுக்கவியலாதது. ஆனால் பாடகர் வாத்தியக் குழுவுடன் கூடாமல் தனித்து, அடியடியாக, சில வேளைகளில் சொற்சொல்லாகப் பாடும் முறை நிலைபெற்றது.

இதன் மொழியியல் விளைவு புணர்ச்சியில் தெரிகிறது. தொடரின் பொருள் உணர்ந்து ஒரே மூச்சில் பாடுவார் ‘நானறிவேன்’ என்பதை ஒரு சொல்நீர்மையாக ஒலிப்பர். துண்டாகப் பதியும்போது ‘நா’ என நின்று ‘னறிவேன்’ எனத் தொடங்கும் பிழை எளிதில் நேரும். ‘பலகை’ எனச் சேர்த்தொலிப்பதும் ‘பல கை’ எனப் பிரித்தொலிப்பதும் வெவ்வேறு பொருள் தருவன. முழுத்தொடரும் முன்னில்லாதபோது எங்கே நிறுத்துவது என்பதை மெட்டே முடிவு செய்கிறது. பொருள் முடிவு செய்வதில்லை.

கலவைநிலையில் மற்றொரு விளைவு உண்டு. மெய்யொலிகள் உயிரொலிகளைவிட ஆற்றல் குன்றியவை. தாழ்ந்த அதிர்வெண்களின் பேரொலி தனக்கு மேற்பட்ட அதிர்வெண்களை மறைக்கும் இயல்புடையது. தாழொலித் தாளம் முன்னிலை பெறும் கலவையில் முதலில் மறைவன மெய்களே. உயிர் கேட்கும், மெய் கேளாது. கேட்போர் இராகத்தை முணுமுணுப்பர், சொல்லை ஊகிப்பர்.

7. எண்முறைத் திருத்தமும் சுருக்கமும்

1997-இல் வெளிவந்த ‘ஆட்டோடியூன்’ மென்பொருள், நிலநடுக்க அலைகளைக் கொண்டு எண்ணெய் வளம் தேடும் துறையில் பணியாற்றிய ஆண்டி ஹில்டிபிராண்டின் படைப்பாகும். பாடகரின் சுரம் விலகின் அதனை அருகிலுள்ள சுரத்துக்கு நகர்த்துவது அதன் செயல். பன்னிரு சமப்பகுப்புச் சுரங்களை அளவாகக் கொண்டு விரைவாக இயக்கின் கமகத்தின் வளைவைப் பிழையெனக் கருதிச் சமன்படுத்தும். தோடியின் காந்தாரம் நிலையாக நிற்கும் சுரமன்று. அசைவே அதன் உரு. அதனை நிறுத்திவைப்பது திருத்தமன்று. எனினும் இம்மென்பொருளை மெதுவாகவும், தேவையான இடத்தில் மட்டும் இயக்கவும் இயலும் என்பதையும் கூறவேண்டும். குறை கருவியினுடையதா, அளவுகோலினுடையதா எனின், அளவுகோலினுடையதே.

இங்கு மொழியியலார் கருதவேண்டுவது ஒன்று: சுரப்பிழையைத் திருத்த மென்பொருள் உண்டு, ளகரமாகப் பாடிய ழகரத்தைச் சுட்டிக்காட்டும் கருவி பதிவறையின் வழக்கமான கருவிகளுள் இடம்பெறவில்லை. கருவி காட்டும் பிழை பிழையாகிறது. கருவி காட்டாத பிழை நடையாகிறது.

1990களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட எம்.பி.3 முறை, செவிக்கு மறைபடும் ஒலிகளை நீக்கிப் பாடலைச் சுருக்குகிறது. குறுவட்டில் நொடிக்கு 1,411 கிலோபிட் கொள்ளும் ஒலி, பெருவழக்கான 128 கிலோபிட் அளவில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. பாட்டின் தரம் கெட்டமைக்கு இதனையே காரணமாகக் கூறுவோர் உளர். சொல் தெளிவைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. மிகக் குறைந்த அளவுகளில் மட்டுமே உரசொலிகள் சிதைகின்றன. சொல் அதற்கு முன்பே, பாடும்போதும் கலக்கும்போதும் மங்கிவிடுகிறது.

8. மொழிபெயர்ப்பாளர்க்குரிய செய்திகள்

பெங்களூர் போன்ற நகரில் ஒரே மெட்டுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல் அமைப்பது அன்றாடத் தொழில். பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது. இடைக்காலத்தில் அது வழக்கொழிந்து பெரும்பாலும் ளகரத்தோடு ஒன்றிற்று. தமிழ் ‘மழை’ கன்னடத்தில் ‘மளெ’. தமிழ் ‘ஏழு’ அங்கு ‘ஏளு’. ஒரே பாடகர் இரு மொழியிலும் பாடும்போது ஒன்றன் பழக்கம் மற்றொன்றில் படிவது இயல்பு. பாடகர் பலர் தமிழ்ப் பாடலைத் தத்தம் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவர். தெலுங்கு எழுத்தில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. ரோமன் எழுத்தில் எழுதின் லகர ளகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் பெரும்பாலும் மறையும்.

ஆதலின் மெட்டுக்குச் சொல் பெயர்ப்போர் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளலாம். ஒன்று, மெட்டு நீளும் இடத்தில் நெடிலையே அமைத்தல்; குறில் அமைப்பின் அது நீண்டு வேறு சொல்லாகாதவாறு தேர்தல். இரண்டு, ழகர ளகர வேறுபாட்டால் பொருள் மாறும் சொற்களைத் தாளம் மிகுந்த இடத்தில் வையாமை. மூன்று, பாடகர்க்குத் தரும் படியில் நெடிலையும் நாவளை ஒலிகளையும் தனிக்குறியால் காட்டி, சொற்பிரிப்பை வரைந்து தருதல்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் தொழில்நுட்பம் பாட்டின் தரத்தை உயர்த்தியது என்றோ தாழ்த்தியது என்றோ ஒரு சொல்லில் தீர்ப்பளிப்பது பொருந்தாது என்பது தெளிவு. பதிவுத் தரம் உயர்ந்தது. நாதப் பண்பு சிலவிடத்து வளம் பெற்று, சிலவிடத்துக் கமகமும் செவிப்பயிற்சியும் இழந்தது. சொல் தெளிவு ஒலிவாங்கியால் உயர்ந்து, பல்தடப் பதிவின்பின் கவனிப்பாரின்றித் தளர்ந்தது. கேட்போர் தமிழிசையை உணர்ந்து துய்க்கவேண்டும் என்னும் கருத்துடன் 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அன்றைய வினா, மேடையில் எம்மொழிப் பாடல் என்பது. இன்றைய வினா, தமிழ்ப் பாடலில் தமிழ் கேட்கிறதா என்பது.

தமிழகத்தில் வாழ்வோர்க்கு இவ்விழப்பு சிறிதாகத் தோன்றலாம். அவர்க்கு ஏடும் பள்ளியும் உள. ஜீவனஹள்ளியில், எழுத்தறியாது செவிவழியே தமிழைப் பெறும் இளைஞர்க்குப் பாடலில் மங்கிய மெய் மொழியிலும் மங்கியதாகும். சுருதிக்குப் பெட்டியும் சுரத்துக்கு மென்பொருளும் தந்த நம் காலம், சொல்லுக்கு ஒரு காவலரைப் பதிவறையில் அமர்த்துதல் வேண்டும். அவர் ஒலிப்பு நூல் அறிந்த தமிழ் மாணவராக இருப்பின் போதும்.